முழுதும் கேட்டேன், மரியா ஸ்டெல்லா

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றி எழுத வேண்டிய இடங்களிலும் அப்படித்தான். ஸ்டெல்லா அக்காவைப் பற்றி வேறு விதமாக எழுதினால் அது அவருக்குச் செய்கிற இரண்டாவது பிழையாகிவிடும்.

செய்தி ஒரு சனிக்கிழமை வந்தது. வெள்ளவத்தையில் இரசாயனவியல் வகுப்பு முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன். பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தின் முகாமையாளர் கனகசபை சேர் தொலைபேசியில் அழைத்தார். அவர் என்னை அழைப்பது வழக்கமில்லை. "தாரணி, ஸ்டெல்லா மோசம் போயிட்டா" என்றார். ஐந்து நாள் டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாராம். வயது முப்பத்தாறு. காலி வீதியில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் சுவரோரமாக நின்று, சேர் சொன்னதைக் கொப்பியில் எழுதினேன். எழுதியதும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இது எங்கள் நூலகத்தின் மாத ஒலிமலருக்காக எழுதப்படுகிறது. ஆகவே இதை வாசிப்பவர்களைவிடக் கேட்பவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள். உங்களில் பலர் ஸ்டெல்லா அக்காவை நேரில் சந்தித்திருக்கமாட்டீர்கள். ஆனால் அவருடைய குரல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வாசித்து அனுப்பும் ஒவ்வொரு பாடப் புத்தகத்தின் கடைசியிலும் அவர் வருவார். "முழுதும் கேட்டேன். மரியா ஸ்டெல்லா." அவ்வளவுதான்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதை அவரே எனக்குச் சொன்னார். ஒன்பது வயதில் வந்த நோயால் அவருக்குப் பார்வை போயிற்று. பல வருடங்களுக்குப் பிறகு நூலகத்தில் வேலை கிடைத்தது. தொண்டர்கள் வாசித்துப் பதிவு செய்யும் புத்தகங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டு, பிழையிருந்தால் திருப்பி அனுப்புவதுதான் வேலை. கேட்டு முடித்ததும் பதிவேட்டில் கையொப்பம் இட வேண்டும். அவருக்கு அது இயலாது என்று நினைத்து யாரோ மைப்பெட்டியை நீட்டியிருக்கிறார்கள். "கைநாட்டு வைக்க நான் படிக்காதவளா? என்ட குரல வைக்கிறன்" என்றாராம். அன்றிலிருந்து அவருடைய குரல்தான் கையொப்பம்.

நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது அங்கே வாசிக்கப் போனேன். பாடசாலை முடிந்ததும் நேரே போவேன். எனக்கு வாசிப்பு நன்றாக வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். என் முதல் பதிவை ஸ்டெல்லா அக்கா திருப்பி அனுப்பினார். காரணம் கேட்கப் போனபோது, "பக்கம் திருப்பேக்க எல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி மூச்சு விடுறாய். பிள்ளையள் சரித்திரம் படிக்கவா, பண்ணை நடத்தவா?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் மறுபடி வாசித்தேன். மூன்றாம் முறைதான் அவர் குரல் வைத்தார்.

எங்கள் நூலகத்தில் பதிவு எப்படி நடக்கிறது என்று இங்கே சொல்ல வேண்டும். வாசிப்பவரின் அறையில் ஒரு மடிக்கணினி இருக்கும். பேசுவதை அது வயர் வழியாக வெளி அறை அலுமாரியில் இருக்கும் பழைய கணினிக்கு அனுப்பும். எல்லாப் புத்தகங்களும் அதில்தான் இருக்கின்றன. அதற்குச் சேர்வர் என்று பெயர். நாங்கள் பெட்டி என்போம். மாலையில் கடைசியாகப் போகிறவர் பெட்டியின் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிட்டுப் போக வேண்டும். இரவில் தீப்பிடித்துவிடும் என்று சேருக்குப் பயம்.

அந்த வருடம் அடிக்கடி மின்சாரம் போனது. போனால் கட்டடத்தின் ஜெனரேட்டர் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். மடிக்கணினிக்கு அதன் பற்றரி இருந்தது. ஆகவே நாங்கள் யன்னல் வெளிச்சத்தில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போவோம். மின்சாரம் போனதை ஒரு பிரச்சினையாக யாரும் நினைக்கவில்லை.

ஹட்டன் பக்கத்திலிருந்து திலகா என்ற மாணவி ஒரு குரல் செய்தி அனுப்பினார். அவருக்கும் பார்வை இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு எங்கள் வரலாற்றுப் புத்தகத்தைத்தான் முழுக்க நம்பிப் படித்திருந்தார். பரீட்சைக்குப் பிறகு பார்வையுள்ள தோழி ஒருத்தியோடு புத்தகத்தை ஒப்பிட்டபோதுதான், எங்கள் பதிவில் பல இடங்களில் பகுதிகள் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வாசிப்பு நின்று, பிறகு வேறொரு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது. புத்தகமே அப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். செய்தியில் அவர் யாரையும் குறைசொல்லவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். அந்த அக்கா முழுதும் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறாரே, எப்படி?

சேரும் அதையே கேட்டார். அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். ஓட்டைகள் இருந்தன. முடிவில் ஸ்டெல்லா அக்காவின் குரலும் இருந்தது. தான் கேட்டபோது புத்தகம் முழுதாக இருந்தது என்று அவர் சொன்னார். கேட்ட பிறகு எப்படி ஓட்டை விழும் என்று சேர் கேட்டார். 

இனி நான் செய்ததை எழுதுகிறேன். சேர் என்னைத் தமது அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் புத்தகம் முடிந்த நாளில் நானும் அங்கே இருந்தேன் அல்லவா, ஸ்டெல்லா உட்கார்ந்து கேட்டாரா என்று கேட்டார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காண்பதையெல்லாம் கொப்பியில் திகதியோடு எழுதிவைப்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பக்கத்தைத் தேடினேன். அன்றைய திகதியில் இப்படி எழுதியிருந்தேன்: ஸ்டெல்லா அக்கா மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார். அதைச் சேருக்கு வாசித்துக் காட்டினேன். தெளிவாக வாசித்தேன். வாசிப்பதில் நான் கவனமான பிள்ளை.

அன்று பின்னேரமே அவரிடமிருந்து ஹெட்போனை வாங்கிவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடித உறைகளில் பென் டிரைவ் போட்டு ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். புத்தகங்களின் முடிவில் இனி அவர் குரல் வேண்டாம் என்று சேர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். "நான் நித்திர கொள்ளல்ல சேர்" என்று ஸ்டெல்லா அக்கா ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வரத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ். வந்து, தமது சொந்த இயர்போனில், பெட்டியில் இருந்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக மறுபடி கேட்டார். உறை ஒட்டும்போதும் ஒரு காதில் கேட்டார். திலகாவின் புத்தகத்தில் மட்டுமல்ல, வேறு புத்தகங்களிலும் ஓட்டைகள் இருந்தன. எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம், எத்தனையாவது நிமிடம் என்று தமது தொலைபேசியில் பேசிப் பதிந்துகொண்டார். பாடசாலை விடுமுறை வந்தபோது அவருக்கு உதவிசெய்கிறேன் என்று போய் உட்கார்ந்தேன். ஏன் போகிறேன் என்று அப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அதைக் கண்டேன். அவர் மேசையில் தலையை வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. உடம்பு அசையவில்லை. கொப்பியில் நான் எழுதிய அதே காட்சி. அப்படியே இருபது நிமிடம் போனது. பிறகு அவருடைய சுட்டுவிரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. நான் திரையைப் பார்த்தேன். ஒலியைக் காட்டும் கோடு அந்த இடத்தில் மட்டமாகக் கிடந்தது. ஓட்டை முடிந்த கணத்தில் விரல் மறுபடி தட்டியது. அவர் கேட்பது அப்படித்தான். நான் எழுந்து கழுவும் அறைக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

அந்த ஓட்டைகளைப் பற்றி அவர் சொன்னது என் கொப்பியில் இருக்கிறது. "இது றூம் அமைதியா இருக்கிற சத்தம் இல்ல. ஆளில்லாத றூமுக்கும் ஒரு சத்தம் இருக்கு. இதுல ஒண்டுமே இல்ல."

கணினி திருத்த நுவன் என்ற சிங்கள இளைஞர் வருவார். பாமன்கடையில் கடை வைத்திருக்கிறார். முதலில் வன்தட்டைச் சோதித்தார். அதில் குறையில்லை. வாசித்தவர் இடையில் நிறுத்தியிருப்பார் என்றார். நிறுத்தினால் பதிவின் நேரம் ஓடாது, இங்கே நேரம் ஓடியிருக்கிறது, சத்தம்தான் இல்லை என்று ஸ்டெல்லா அக்கா அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். அதற்குப் பிறகு நுவன் அவரை அக்கே என்று கூப்பிடத் தொடங்கினார். அதுவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்.

முதல் தடயம் மின்விசிறி. வாசிக்கும் அறைக்கு வெளியே நடையில் ஒரு பழைய மின்விசிறி ஓடும். அதன் இரைச்சல் பதிவில் மெல்லியதாக இருக்கும். எங்களுக்கு அது கேட்பதே இல்லை. எல்லா ஓட்டைகளையும் கேட்டு முடித்த பிறகு ஸ்டெல்லா அக்கா சொன்னார்: ஒவ்வொரு ஓட்டை முடிந்ததும் முதலில் கேட்பது அந்த மின்விசிறி மெல்ல மெல்ல நிற்கிற சத்தம். ஒன்றில்கூட மாறவில்லை. அப்படியென்றால் தொலைந்தது எல்லாம் மின்சாரம் போவதற்குச் சற்று முன்பு வாசித்த பகுதிகள். பெட்டி அவற்றை வாங்கிவிட்டது, ஆனால் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடயத்தையும் அவரால்தான் பிடிக்க முடிந்தது. கணினித் திரையில் இருப்பதையெல்லாம் அவருக்கு ஒரு குரல் வாசித்துச் சொல்லும். நாங்கள் கோப்பின் பெயரை மட்டும் பார்ப்போம். அவருக்கோ அது திகதியையும் விடாமல் சொல்லும். எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே திகதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதலாம் திகதி. அவர் அதை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பழைய கணினியின் கோளாறு என்று விட்டிருந்தார். இப்போது நுவனிடம் கேட்டார்: இந்தப் பெட்டி எழும்பும்போது நேரம் என்ன என்று நினைக்கிறது?

நுவன் பெட்டியைத் திறந்தார். உள்ளே கடிகாரத்துக்கென்று நாணயம் போல ஒரு சிறிய பற்றரி உண்டு. அது எப்போதோ செத்திருந்தது. பெட்டி இணையத்தோடும் இணைக்கப்படவில்லை. ஆகவே சுவிட்சை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அதன் கடிகாரம் அதே ஜனவரி முதலாம் திகதியில் தொடங்கியது. நுவன் அதைக் குறித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் படித்துவிட்டு வந்து சொன்னார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். மடிக்கணினி குரலைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்பும். பெட்டி கிடைத்தது என்று சொல்லும், ஆனால் உடனே வட்டில் எழுதாது, சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். அதனால் மடிக்கணினியும் தன் பிரதியை வைத்துக்கொண்டே இருக்கும். எழுதியாயிற்று என்று பெட்டி சொன்ன பிறகுதான் அதை விடும். இடையில் பெட்டி அணைந்து எழுந்தால் நினைவில் இருந்தது போய்விடும். அதை மடிக்கணினி அறிவதற்காக, பெட்டி எழும்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் அடையாள எண்ணைச் சூட்டிக்கொள்ளும். எண் மாறியிருந்தால் மடிக்கணினி எல்லாத் துண்டுகளையும் திரும்ப அனுப்பும். அந்த எண்ணை, எழும்பிய நேரத்தை மட்டும் வைத்துச் செய்யும்படி பெட்டியை இயக்கும் நிரலை எழுதியவர்கள் விட்டிருந்தார்கள். எங்கள் பெட்டி காலையில் எழும்பியதும் அதே நேரம், மின்சாரம் போய் எழும்பியதும் அதே நேரம். எண் மாறவே இல்லை. அது செத்து எழுந்தது மடிக்கணினிக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டாயா என்று கேட்டது. பெட்டி ஓம் என்றது.

ஸ்டெல்லா அக்கா கேட்டபோது எப்படி எல்லாம் முழுதாக இருந்தது? அணைக்கும்வரை மடிக்கணினி அன்றைய பதிவைத் தன் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். அவர் வேலையை நிலுவையில் விடாதவர். ஒவ்வொரு நாள் பதிவையும் அன்றே, அதே மடிக்கணினியில் கேட்டுவிடுவார். மறுநாள் கேட்டிருந்தால் ஓட்டை தெரிந்திருக்கும்.

அதைச் சேருக்கு வாயால் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. செய்து காட்ட வேண்டும் என்றார். சேர், நுவன், நான், அவர். பெட்டியில் இன்னும் பழைய பற்றரிதான். திலகாவின் புத்தகத்தில் தொலைந்த அத்தியாயத்தை என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்கும்போது பெட்டியின் பிளக்கைத் தடவிப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி செருகினார். நான் நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். பதிவைப் போட்டுச் சேருக்குக் கேட்கக் கொடுத்தார். முழுசா இருக்குது என்று சேர் சொன்னார்.

"அப்ப நான் இப்ப குரல் வைக்கலாம்தானே சேர்?"

"வைக்கலாம்."

மடிக்கணினியை அணைத்துப் போடும்படி நுவனிடம் சொன்னார். அதே பதிவை மறுபடி கேட்டோம். என் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. ஒன்றுமே இல்லாத அந்த அமைதி வந்தது. எனக்கு அது என்னையே வெட்டி எடுத்தது போல இருந்தது.

"இப்ப நான் பொய்க்காரி" என்றார் ஸ்டெல்லா அக்கா.

 சேர் யாருக்கோ அழைக்க வேண்டும் என்று வெளியே போனார். மறுநாள் காலை ஹெட்போன் ஸ்டெல்லா அக்காவின் மேசையில் இருந்தது. சேர் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று சேரிடம் கேட்டேன். எழுது என்றார்.

பற்றரி மாற்றினார்கள். நுவன் அந்த நிரலை எழுதியவர்களுக்கும் அறிவித்தார். அவர்கள் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். அதற்கு முன்பே திலகாவின் பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஓட்டைகளால்தான் என்று சொல்ல இயலாது என்றார் சேர். "சொல்லலாம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. தொலைந்த பகுதிகளை என்னைக்கொண்டு வாசிப்பித்து, கேட்டு, குரல் வைத்து ஹட்டனுக்கு அனுப்பினார். மறுபடி பரீட்சை எழுத வீட்டில் விடமாட்டார்கள் என்று திலகா தொலைபேசியில் சொன்னாராம். 

அந்த வாரம்தான் ஸ்டெல்லா அக்காவிடம் நான் சொன்னேன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். கொப்பியில் எழுதியதையும் சேரிடம் வாசித்ததையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "பிளைவூட் சுவருக்கு இங்கால நான்தானே இருந்தன். நீ கொப்பி திறந்த சத்தமும் கேட்டது."

"அப்ப ஏன் அக்கா ஒண்டும் கேக்கல்ல?"

"நீ வந்து சொல்றியா எண்டு பாத்தன். நாலு மாசம் எடுத்துட்டாய்."

என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது தலை ஒரு பக்கம் சாயும்.

"இன்னும் இல்ல" என்றார். "பஸ் ஒண்டு வருது. கொட்டாஞ்சேனை பஸ்ஸா எண்டு பாத்துச் சொல்லு."

கொட்டாஞ்சேனை பஸ்தான். ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் என்னோடு முன்போலவே பழகினார். என் மூச்சைக் கேலி செய்தார், தேநீரோடு வாங்கும் பணிஸைப் பங்கிட்டார். ஒரு தடவை நான் மறுபடி கேட்க வாயெடுத்தபோது, "நீ கேக்காத. வந்தா நானே சொல்லுவன்" என்றார். இரண்டு வருடம் போயிற்று. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பிறகு டெங்கு வந்தது.

கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அவர் வீடு. செத்தவீட்டுக்குப் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன ஒழுங்கையில் வரிசையாக நின்றார்கள். அவருடைய மூத்த சகோதரி என் கையைப் பிடித்து, நீதான் தாரணியா, உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.  நன்றாக வாசிப்பாய் என்று சொன்னாளாம்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது வாசிப்பைப் பற்றிச் சொன்னது. வேறு ஒன்றையும் பற்றி அல்ல.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை சில. பதிவைச் சேமித்த உடனே கேட்பதில்லை. மடிக்கணினியை அணைத்து, மறுபடி போட்ட பிறகுதான் கேட்பேன். கொப்பியில் தலை மேசையில் இருந்தது, கண்கள் மூடியிருந்தன என்று மட்டும் எழுதுவேன். அதற்கு மேல் எழுதுவதானால் முதலில் அந்த ஆளிடமே போய்க் கேட்பேன். அவர் எனக்குத் தராமல் போனதும் என்னிடம் இருக்கிறது. அதை எதைக்கொண்டும் நிரப்ப நான் முயற்சி செய்யப்போவதில்லை.

இதுவரை உள்ளதை இன்று பின்னேரம் வெள்ளவத்தையில் வாசித்துப் பதிந்தேன். மடிக்கணினியை அணைத்துப் போட்டு, தொடக்கத்திலிருந்து கேட்டேன். எதுவும் விடுபடவில்லை. சேர் கதவைப் பூட்டத் திறப்போடு வாசலில் நின்றார். நடையில் இருந்த விளக்கை அவர் அணைத்தார். அறை விளக்கை நான் அணைத்தேன்.